சும்மா சோதிச்சேன்

என் அப்பா யாரையும் நம்பாதவர். நம்பாமல் இருப்பதற்குத்தான் அவருக்கு மாதச் சம்பளமே கொடுத்தார்கள். எடை அளவுத் துறையில் ஆய்வாளர். கடைகளில் தராசு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. மற்ற ஆய்வாளர்கள் கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போவார்கள். கடைக்காரர் ஓடிவந்து நாற்காலி போடுவார். எல்லா எடைக்கல்லும் அன்றைக்கு மட்டும் யோக்கியமாக இருக்கும். அப்பா அப்படிப் போகமாட்டார். கசங்கிய சட்டை, ஒரு துணிப்பை, லேசாகத் திறந்த வாய். "சர்க்கரை ஒரு கிலோ கொடுங்க. கிலோன்னா ஒரு வாரத்துக்கு வருமா?" என்று கேட்பார். எதுவுமே தெரியாத ஆள் ஒன்று வந்து மாட்டியிருக்கிறது என்று கடைக்காரருக்குக் கை துறுதுறுக்கும். அப்பா பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வெளியே போவார், எடை போட்டுப் பார்ப்பார், திரும்பி வந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டுவார். எங்கள் தெருவில் அவருக்குப் பெயரே தராசுதான்.

சின்ன வயதில் ஒருமுறை என்னையும் கூட்டிப் போயிருக்கிறார். கையில் குழந்தை இருந்தால் இன்னும் நம்புவார்களாம். அன்றைக்குத்தான் அந்த அசட்டு முகத்தைக் கிட்டத்தில் பார்த்தேன். அசடு வழிந்தது வாயில் மட்டும்தான். கண் இரண்டும் தராசுத் தட்டை விட்டு நகரவேயில்லை. எதையும் எடை போடும் முன் காலித் தட்டைப் பார்க்க வேண்டும் என்பது அவர் விதி. காலியாக இருக்கும்போதே முள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் பிறகு அதில் எதை வைத்தாலும் பொய்தான் என்பார்.

வீட்டிலும் அதே வித்தைதான். "இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவாமே?" என்று ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்பார். தலையை ஆட்டினோமோ, தொலைந்தோம். முந்தின நாளே வாத்தியாரிடம் விசாரித்து வைத்திருப்பார். அம்மாவையும் விட்டதில்லை. மாட்டிக்கொண்டு விழித்த பிறகு, "சும்மா சோதிச்சேன்" என்று ஒரு சிரிப்பு சிரிப்பார். தம்பியும் நானும் அந்தச் சிரிப்புக்குப் பயந்தே வளர்ந்தோம். வளர்ந்து நாங்களும் அவரைப் போலவே ஆகித் தொலைத்தோம். தம்பி டயர் கடை வைத்திருக்கிறான். கடனுக்குக் கேட்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டான், வண்டியைத்தான் பார்ப்பான். எனக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. கண் பரிசோதிக்கும் இருட்டறையில் எழுத்துப் பலகையைக் காட்டி, "கடைசி வரியைப் படிங்க" என்று சொல்பவள் நான்.

ஓட்டுநர் உரிமம் புதுப்பிக்க வருகிறவர்களில் சில கில்லாடிகள் உண்டு. பார்வை போயிருக்கும். ஆனால் வெளியே காத்திருக்கும்போதே, முன்னால் போனவர் படிப்பதைக் கேட்டு வரிகளை மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்காருவார்கள். நான் ஒரு பொத்தானை அழுத்துவேன். பலகை மாறிவிடும். அவர்கள் மாறமாட்டார்கள். பழைய பலகையையே கணீரென்று ஒப்பிப்பார்கள். அப்போது எனக்குள் ஓர் அல்ப சந்தோஷம் எட்டிப் பார்க்கும். அப்பாவின் மகள்தானே நான்.

இப்படிப்பட்ட வீட்டில், வயதான காலத்தில் அப்பா விசித்திரமாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தபோது நாங்கள் அசரவேயில்லை.

முதல் தடவை, தம்பி மனைவியிடம். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் வந்திருந்தார்கள். அவள் தேநீர்க் கோப்பையை அப்பாவிடம் நீட்டினாள். அப்பா அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீ யாரு வீட்டுப் பொண்ணும்மா?" என்றார்.

கோப்பை சாய்ந்து, தட்டில் தேநீர் சிந்தியது. தம்பி எனக்குக் கண்ணைக் காட்டினான். அப்பா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மெதுவாகப் பார்த்தார். பிறகு சிரித்தார். "சும்மா சோதிச்சேன்."

"என்னப்பா, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழிச்சா அவளுக்குப் பரீட்சை வைக்கிறீங்க?" என்றான் தம்பி. எல்லோரும் சிரித்தோம். அவள் மட்டும் சிரிக்கவில்லை. அதை நான் கவனித்தேன். மடியில் கனம் இருப்பவர்களுக்குச் சிரிப்பு வராது என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அவளுக்கு நான் மனதுக்குள் வைத்திருக்கும் பெயர் பஞ்சுமிட்டாய். மழலையர் பள்ளியில் வேலை. நாள் முழுக்கக் குழந்தைகளோடு பேசிப் பேசி, பெரியவர்களிடமும் அதே குரலில்தான் பேசுவாள். அவ்வளவு இனிப்பு எனக்கு ஆகாது. இவ்வளவு இனிக்கிறவள் எதையோ மறைக்கிறாள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

இங்கே வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா ஓர் உயில் எழுதி வைத்திருக்கிறார். எனக்குக் கல்யாணமாகி நான் நன்றாக இருந்த காலத்தில் எழுதியது. எனக்கு வேறு வீடு இருந்தது, தம்பிக்கு இல்லை. அதனால் வீடு தம்பிக்கு. அதில் யாருக்கும் குறையில்லை. பிறகு என் கல்யாணம் முறிந்து, இரண்டு பெட்டியோடு நான் திரும்பி வந்து, பின்னறையில் குடியேறி, அப்பாவுக்குத் துணையாக இருந்துவிட்டேன். உயில் மட்டும் அப்படியே இருந்தது. நானாக வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால், எதற்காக இவள் இங்கே இருக்கிறாள் என்று அப்பா எடை போட ஆரம்பித்துவிடுவார். இன்றைக்கு அவர் கண்ணை மூடினால் நான் நடுத்தெருவில். தம்பி கெட்டவன் இல்லை. "உன்னை விட்டுடுவேனாக்கா?" என்பான். அதே மூச்சில், அந்த வீட்டை விற்றால் மெயின் ரோட்டில் பெரிய கடை போடலாம் என்றும் சொல்வான்.

அடுத்த ஞாயிறு, சாப்பாட்டு மேசையில் அப்பா குண்டைத் தூக்கிப் போட்டார்.

"புதுசா உயில் எழுதப்போறேன். நான் நினைவு தப்பிப் படுத்துட்டா எனக்காக யாரு முடிவெடுக்கணும், யாரு கையெழுத்துப் போடணும், அதையும் எழுதிடணும். வக்கீலம்மாகிட்ட பேசிட்டேன்."

தம்பி தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தான். "யாருக்குப்பா வீடு?" என்றான், விளையாட்டுப் போல.

"அதைத்தான் எடை போட்டுட்டிருக்கேன்" என்றார் அப்பா.

அவ்வளவுதான். அன்றிலிருந்து அப்பாவின் ஒவ்வொரு கேள்வியும் எங்களுக்குத் தேர்வுத் தாள் ஆகிவிட்டது. காய்கறிக் கூடைக்குள் கண்ணாடியை வைத்துவிட்டு, "என் கண்ணாடியைப் பார்த்தியா?" என்று என்னிடம் கேட்டார். நான் ஏமாறுவேனா? "நீங்க எங்க வெச்சீங்களோ அங்கதான். கூடையில. பாஸா பெயிலா?" என்றேன். அவர் கூடையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சற்று நேரம் கழித்து, "பாஸ்" என்றார். இன்னொரு நாள் பக்கத்து வீட்டுப் பூட்டில் எங்கள் வீட்டுச் சாவியைப் போட்டுத் திருகிக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் கேட்டு வெளியே வந்துவிட்டார். "உங்க பூட்டு எவ்வளவு கெட்டின்னு சோதிச்சேன்" என்றார் அப்பா. அந்த மனிதர் விழுந்து விழுந்து சிரித்து, தராசு இன்னும் ஓய்வு பெறவில்லை என்று தெரு முழுக்கப் பரப்பினார். தம்பி வரும்போதெல்லாம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தான். தொலைபேசியில் என்னிடம், "அக்கா, நேத்து என்னைக் கூப்பிட்டு, 'உன் கடை எந்த ஊர்ல இருக்கு'ன்னு கேட்கறார். ஆழம் பார்க்கறார் பாரேன். நான் பொறுமையா விலாசம் சொன்னேன்" என்றான். அவன் குரலில் பெருமை இருந்தது. தம்பி நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டானே என்று எனக்கு வயிறு எரிந்தது.

சோதனை எதையும் கண்டுகொள்ளாதவள் பஞ்சுமிட்டாய் ஒருத்திதான். பள்ளி முடிந்ததும் தினமும் மாலை வந்து அப்பாவை நடக்கக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். அதுவரை ஞாயிறு மட்டும் எட்டிப் பார்த்தவள். உயில் பேச்சு வந்த பிறகு தினமும். எனக்கு மூக்கில் வியர்க்காமல் இருக்குமா?

ஒருநாள் கடையிலிருந்து சீக்கிரமாக வந்தேன். அப்பாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே அவள் குரல், அதே மழலையர் பள்ளிக் குரல்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா."

அப்பா ஏதோ முணுமுணுத்தார்.

"இல்ல, இல்ல. முதல்ல பிள்ளைங்க. அப்புறம்தான் வீடு. அவங்க அப்படித்தான் கேட்பாங்க."

யாருக்கும் தலைவணங்காத என் அப்பாவை உட்காரவைத்து இவள் பாடம் நடத்துகிறாள். எதற்கு? வீட்டைத் தம்பிக்கே மறுபடி எழுத வைப்பதற்கு. என்னை அம்போ என்று விடுவதற்கு. கதவை உடைத்துத் திறந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் நானும் தராசின் பிள்ளை. கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

அடுத்த நாள் கடைக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு அவர்கள் பின்னால் போனேன். பூங்காவில், மூங்கில் புதருக்கு இந்தப் பக்கம் நின்றேன். இருவரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பாவின் கையை அவள் தன் இரண்டு கைக்குள் வைத்திருந்தாள். அவள் ஒரு வாக்கியம் சொல்வாள். அவர் திருப்பிச் சொல்வார். சரியாகச் சொன்னால் தலையை ஆட்டுவாள். நடுவில் அப்பா எழுந்து நின்று கோபமாகக் கையை உதறினார். அவள் மறுபடி உட்காரவைத்தாள். காற்றில் ஒரே ஒரு சொல்தான் எனக்கு வந்து சேர்ந்தது. "வீடு."

அன்றிரவு சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டேன். "உங்க மருமக உங்களுக்கு என்னப்பா சொல்லித் தர்றா?"

"யாரு?"

"உங்க மருமக."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்ல பொண்ணு" என்றார். பிறகு, "சும்மா நடக்கப் போறோம்" என்றார். பூசி மெழுகுகிறார் என்று நினைத்தேன். கோபத்தில் அவருக்கு முன்னாலிருந்த தட்டை எடுத்துக் கழுவப் போட்டுவிட்டேன். அவர் இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்பதைப் பிறகுதான் பார்த்தேன்.

வக்கீலிடம் போகும் நாள் வந்தது. நால்வரும் போனோம். வக்கீலம்மாவின் அலுவலகம் ஒரு பழைய கட்டடத்தின் முதல் மாடியில். உள்ளே குளிர்சாதனம் பல் கிட்டுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. மேசையில் கோப்புகள், ஒரு கண்ணாடி ஜாடியில் பேனாக்கள், ஜன்னலில் யாரும் தண்ணீர் ஊற்றாத செடி. வக்கீலம்மா என் வயதுக்காரி, கண்ணாடி போட்டவர். கண்ணாடியின் இடது பக்கம் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதைத் திருகிச் சரிசெய்யக் கை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அப்பா சலவைச் சட்டை போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பஞ்சுமிட்டாய் அவருக்கு நேர் பின்னால் நாற்காலியைப் போட்டுக்கொண்டாள். அவள் உதடு தானாக அசைகிறதா என்று நான் அவளையே பார்த்தேன். தம்பி நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஐயா, சில கேள்வி கேட்பேன். எல்லார்கிட்டயும் கேட்கறதுதான். தப்பா நினைக்காதீங்க" என்றார் வக்கீலம்மா. "உங்களுக்கு என்னென்ன சொத்து இருக்கு?"

அப்பா கணீரென்று சொன்னார். "ஒரு பொண்ணு, ஒரு பையன்."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். "பிள்ளைங்கதான் சொத்துங்கறீங்க. சரிதான்." தம்பி பூரித்துப் போனான். நானும் சிரித்தேன். அப்பா எங்களைப் பார்த்து அவரும் சிரித்தார்.

"பிள்ளைங்க என்ன பண்றாங்க?"

"ஒரு வீடு. மாடி கிடையாது. பின்னால ஒரு அறை."

தம்பி மறுபடி சிரித்தான். "அப்பா குறும்பு பண்றார் மேடம்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருட்டறையில் பொத்தானை அழுத்தியது போல இருந்தது. பலகை மாறிவிட்டது. அப்பா பழைய பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். முதலில் பிள்ளைகள், அப்புறம் வீடு. அவர்கள் அப்படித்தான் கேட்பார்கள் என்று அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். வக்கீலம்மா அப்படிக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். பஞ்சுமிட்டாய் கண்ணை இறுக்க மூடியிருந்தாள்.

வக்கீலம்மாவும் இரண்டாவது முறை சிரிக்கவில்லை. பேனாவை மூடி வைத்தார். "நீங்க எல்லாரும் கொஞ்சம் வெளிய இருங்க. ஐயாகிட்ட தனியா பேசணும். உயில்னா அப்படித்தான் வழக்கம்."

வெளியே நீள நடைக்கூடம். தம்பிக்குக் கடையிலிருந்து அழைப்பு வந்தது. பேசிக்கொண்டே படிக்கட்டுப் பக்கம் போனான். நான் அவளைச் சுவரோரம் நிறுத்தினேன்.

"என் அப்பாவுக்கு என்ன சொல்லிக் கொடுத்தே? மறைக்காதே. பூங்காவுல நானே பார்த்தேன்."

"மெதுவா பேசுங்க அண்ணி."

"ஏன், உன் புருஷன் காதுல விழக் கூடாதா?"

"ஆமா. விழக் கூடாது" என்றாள். அந்தக் குரலில் இனிப்பு இல்லை. "மாமாவுக்கு மறதி வந்திருக்கு அண்ணி. நிஜ மறதி. அன்னிக்கு என்னை யாருன்னு கேட்டாரே, அது சோதனை இல்ல. அடுத்த வாரம் நான் வந்தப்போ, தெரு முனையிலேயே நின்னுட்டிருந்தார். வீட்டுக்குப் போக வழி தெரியல. நான்கூட, 'சோதிக்கறீங்களா மாமா'ன்னு சிரிச்சேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார்."

என் அப்பா அழுது நான் பார்த்ததில்லை. அம்மா போனபோதுகூட இல்லை.

"அப்போ அந்த 'சும்மா சோதிச்சேன்'?"

"மாட்டிக்கிட்டா அப்படிச் சொல்லித் தப்பிச்சுப்பார். நீங்க ரெண்டு பேரும் நம்பிடறீங்க. வேற எதை நம்பாட்டாலும் அதை மட்டும் நம்பறீங்க. எனக்கு அந்தப் பழக்கம் இல்ல. நான் பயந்துட்டேன். அதனாலதான் எங்கிட்ட சொன்னார்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டார். 'என் பிள்ளைங்களுக்கு ஒரு தடவை சந்தேகம் வந்துட்டா, அப்புறம் நான் சொல்ற எதையும் நம்பாதுங்க. அதுக்கு முன்னாடி பொண்ணுக்கு எழுதிடணும்'னார்."

"எந்தப் பொண்ணுக்கு?" என்று கேட்டேன். முட்டாள்தனமான கேள்விதான். வாயில் வந்துவிட்டது.

"உங்களுக்குத்தான் அண்ணி. நீங்க இருக்கற வரைக்கும் அந்த வீடு உங்களுக்கு. யாரும் விக்க முடியாது, வெளிய போன்னு சொல்ல முடியாது. உங்களுக்கு அப்புறம்தான் எங்களுக்கு. எழுதணுங்கறது அவருக்கு மறக்கவே இல்ல. யாருக்கு, எதை, ஏன், அதுதான் நடுவுல நடுவுல நழுவிப் போகுது. அதைத்தான் தினமும் சொல்லிக் கொடுத்தேன். நல்ல நேரத்துல முழுசா சொல்வார். இன்னிக்கும் சொல்லிடுவார்னு நினைச்சேன்."

எனக்கு அவளை நம்ப முடியவில்லை. சொந்தப் புருஷனுக்கு வரவேண்டிய வீட்டை நாத்தனாருக்கு வாங்கித் தர எந்தப் பெண் பாடம் நடத்துவாள்? ஏதோ உள்நோக்கம் இருக்கும் என்று தேடினேன். அவள் முகத்தில் தேடித் தேடிப் பார்த்தேன். மூக்கைத் துடைத்துக்கொண்டு அவள் படிக்கட்டுப் பக்கம் புருஷன் வருகிறானா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவுதான் தெரிந்தது. என் மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

கதவு திறந்தது. வக்கீலம்மா வாசலில் நின்றார். தம்பியும் வந்து சேர்ந்தான். வக்கீலம்மாவின் தோளுக்குப் பின்னால் அப்பா நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நாங்கள் பேசுவது அவருக்கு நன்றாகவே கேட்கும்.

"யாருக்கு என்ன எழுதணும்னு தெளிவா சொல்லிட்டார். பொண்ணு ஆயுசுக்கும் வீட்டுல இருக்கலாம்ங்கறார்" என்றார் வக்கீலம்மா. தம்பி சட்டென்று என்னைப் பார்த்தான். "ஆனா ஒண்ணு. அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்காங்கன்னு கேட்டேன். தெரியலன்னுட்டார். நான் எழுதறதை நிறுத்தினதும் சிரிச்சு, 'சும்மா சோதிச்சேன்'னார். அவர் வேலை அப்படி, ஆளை ஆழம் பார்க்கறது பழக்கம்னும் சொல்றார். அவருக்கு நிஜமா அப்படி ஒரு பழக்கம் உண்டா?"

"உண்டாவா?" என்றான் தம்பி. "தெருவுல யாரை வேணா கேளுங்க மேடம். அவர் வாழ்க்கையே அதுதான்."

வீடு தன் கையை விட்டுப் போகிறது என்று கேட்ட அடுத்த நொடியே அவன் அப்படிச் சொன்னான். அப்பாவைப் பற்றி வேறு மாதிரி நினைக்க அவனுக்கு வரவேயில்லை. அதற்காக அவனை எனக்குப் பிடித்தது.

வக்கீலம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே கூட இருக்கீங்க. நீங்க சொல்லுங்க."

ஆமாம் என்று ஒரு சொல் போதும். அது பொய்கூட இல்லை, பாதி உண்மை. தெருவே சாட்சி சொல்லும். கையெழுத்து ஆகிவிடும். வீடும் என் பின்னறையும் சாகும்வரை என்னுடையவை. அப்பாவும் அதைத்தான் விரும்பினார், அதற்காகத்தான் கிழ வயதில் குழந்தை மாதிரி ஒப்பித்துப் படித்தார். பஞ்சுமிட்டாய் மூச்சைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லத்தான் நான் வாயைத் திறந்தேன்.

அப்போது அப்பாவின் முகம் கண்ணில் பட்டது. சின்ன வயதில் கடையில் பார்த்த முகத்துக்கு நேர் தலைகீழ். இப்போது வாய் கெட்டிக்காரத்தனமாக, இறுக்கமாகச் சிரித்துக்கொண்டிருந்தது. கண் இரண்டும் எதையும் பார்க்கவில்லை. எங்கே இருக்கிறோம் என்று தெரியாத பயம் அதில் அப்பட்டமாக இருந்தது. இந்தச் சிரிப்பை நான் வீட்டில் எத்தனை நாள் பார்த்திருக்கிறேன். கண்ணையே பார்த்துப் பிழைக்கிற நான், இந்தக் கண்ணைப் பார்க்கவில்லை. நான் ஆமாம் என்றால் அவர் சாகும்வரை இப்படியே நடிக்க வேண்டும், தனியாக, பிடிபட்டுவிடுவோமோ என்று நடுங்கிக்கொண்டு. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. என் தட்டில் ஒரு முழு வீடு ஏறி உட்கார்ந்திருந்தது.

"முன்னாடி அந்தப் பழக்கம் உண்டு" என்றேன். "இப்ப இல்ல. இப்ப அவருக்கு நிஜமாவே மறந்து போகுது. நாங்கதான் கவனிக்கல."

"அக்கா!" என்றான் தம்பி.

பஞ்சுமிட்டாய் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றினார். "இன்னிக்குக் கையெழுத்து வாங்க முடியாது. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. தெளிவா இருக்கற ஒரு நாள்ல, புரிஞ்சுதான் சொல்றார்னு டாக்டர் எழுதிக் கொடுத்தா, அப்போ பார்க்கலாம். அப்படி ஒரு நாள் வரும்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. அதுவரைக்கும் பழைய உயில்தான்."

பழைய உயில்தான் என்றதும் தம்பி முகத்தில் ஏதோ ஓடியது. அது துக்கமா, நிம்மதியா? எனக்குத் தெரியவில்லை. முதல் முறையாக, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நான் உள்ளே போய் அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தேன். திட்டுவார் என்று நினைத்தேன். இத்தனை பாடுபட்டு எனக்காகக் கட்டியதை நானே ஒரு வாக்கியத்தில் இடித்துவிட்டேன். அவர் திட்டவில்லை. இறுகியிருந்த உதடு தளர்ந்தது. நாற்காலியின் கையைப் பிடித்திருந்த விரல்களும் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. என் முகத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு, எனக்குப் பின்னால் நின்ற வக்கீலம்மாவிடம் மரியாதையாகக் கேட்டார்.

"யாருங்க இந்தப் பொண்ணு? சரியா எடை போடறா."

நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அந்தச் சிரிப்பு வரும் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். சும்மா சோதிச்சேன் என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட மாட்டாரா என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.